கடார வணிகன்

கடாரம் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே தமிழ் நெஞ்சங்களில் எழும் உருவம் இராசேந்திர சோழனுடையது. 1025-ஆம் ஆண்டளவில் கப்பற்படை கொண்டு சென்று அந்நாட்டை வென்று, 'கடாரங்கொண்டான்' என்னும் விருதுப் பெயரைச் சூடிக்கொண்டவன் அவன். அவனுக்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களை எண்ணும் பட்டினப்பாலை, காழகத்திலிருந்து வந்த பொருள்களையும் சேர்த்தே எண்ணுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் கண்டார் நச்சினார்க்கினியர். மலாய்த் தீபகற்பத்தின் வடமேற்கில் இன்று கெடா என வழங்கும் பகுதியே அது. இப்பெயரை ஐரோப்பிய மாலுமிகள் தத்தம் நாவுக்கும் எழுதுகோலுக்கும் இசைந்தவாறெல்லாம் திரித்து எழுதினர். அவ்வாறு திரிந்த பெயரைத் தாங்கி, 'கெடா மெர்ச்சண்ட்', அதாவது 'கடார வணிகன்' என்று அழைக்கப்பெற்ற ஒரு மரக்கலத்தின் வரலாற்றையே இக்கட்டுரையில் கூற முற்படுகின்றோம்.

அது தமிழர் கப்பலன்று. சூரத்துத் துறைமுகத்தைச் சேர்ந்தது. எனினும் சோழமண்டலக் கரையையும் குமரி முனையையும் கடந்து சென்ற கலம் அது. அதன் விதியை முடிவு செய்த சீட்டோ, புதுச்சேரியை உருவாக்கியவரின் பெயரால் வழங்கப்பெற்றது. புணேயில், அதிலும் இந்தக் கோந்த்வா மேட்டில் வாழும் நமக்கு அக்கப்பலோடு வேறோர் உறவும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். அக்கப்பலின் பெயர் வரும் நூல்கள் மேனாட்டில் பல உள. ஆயின் அவையெல்லாம் அதனைப் பிடித்துச் சென்ற வில்லியம் கிட் என்பவனைப் பற்றிய நூல்கள். கொள்ளையிட்டவனுக்குக் கதைகளும் பாடல்களும் கிடைத்தன. கொள்ளை போன கப்பல் அவன் கதையில் ஓர் அத்தியாயமாக நின்றுவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சூரத்து மொகலாயப் பேரரசின் கடல்வாயிலாக விளங்கிற்று. மக்காவுக்குச் செல்வோர் கப்பலேறியதும், செங்கடல் வாணிகத்தின் வெள்ளி வந்திறங்கியதும் அங்கேதான். சிவாசி 1664-இலும் 1670-இலும் இருமுறை புகுந்து பெரும்பொருள் கவர்ந்து சென்ற பின்னும் அதன் வளம் வற்றவில்லை. கடார வணிகன் மேற்குக் கடற்கரைத் தச்சர்களின் கைவண்ணம். உறுதியான தேக்கால் ஆனது. ஏறத்தாழ 400 டன் சுமை கொள்ளக்கூடியது. ஒரு பலகையின் விளிம்பில் பள்ளம் வெட்டி, அடுத்த பலகையின் விளிம்பை அதனுள் பொருந்துமாறு இழைத்து, இடையே பஞ்சும் பிசினும் இட்டு இறுக்குவது அத்தச்சர்களின் முறை. ஆணியை மட்டுமே நம்பிக் கட்டும் கப்பலில் கசியும் நீர் இதில் கசிவதில்லை. தேக்கு இரும்பாணியை அரிப்பதுமில்லை. ஓக் மரத்தினும் நெடுநாள் நிலைப்பது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் மடகாசுக்கர்த் தீவில், இங்கிலாந்தில் கட்டிய புதுக்கப்பல் ஒழுகி அழிய, இந்தியத் தேக்குக் கப்பலே பெருங்கடல் கடக்க உதவிற்று.

சூரத்துக் கப்பலுடைமையாளர் ஒருவரிடமிருந்து இதனை வாடகைக்கு அமர்த்தியவர்கள் ஆர்மீனிய வணிகர்கள். ஆர்மீனியர் நமக்கு அயலார் அல்லர். சென்னையில் நம் மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' என்று வழங்கும் தெரு உண்மையில் ஆர்மீனியர் தெருவே. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726-இல் மர்மலாங்குப் பாலத்தைக் கட்டுவித்தவரும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவருமான கோஜா பெத்ருசு உசுக்கான் அவ்வினத்தவரே. கடார வணிகனில் சரக்கேற்றிய ஆர்மீனியருள் கோஜா பாபா என்பவர் முதன்மையானவர். அவரோடு, பேரரசின் அவையில் செல்வாக்குப் பெற்ற முக்லிசு கான் என்னும் பிரமுகருக்கும் அச்சரக்கில் பங்கு இருந்தது. கப்பலின் தலைவன் சான் ரைட் என்னும் ஆங்கிலேயன்; துணை மாலுமிகள் ஒல்லாந்தர்; பீரங்கி வீரன் பிரெஞ்சுக்காரன்; பாய்மரமேறிக் கயிறிழுத்த தொழிலாளரோ பெரும்பாலும் இந்நாட்டு இசுலாமியர். ஒரே தேக்குப் பலகையின் மேல் இத்தனை மொழிகள் ஒலித்ததை விந்தையென நாம் கருதலாம். அந்நாளைய இந்தியப் பெருங்கடலில் அது அன்றாட வழக்கம்.

இவ்வாறு பலநாட்டாரைக் கலந்து வைத்ததில் வணிகரின் முன்னெச்சரிக்கையும் அடங்கியிருந்தது. அதனைப் புரிந்துகொள்ளக் கடற்சீட்டின் வரலாற்றைச் சிறிது கூற வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இந்தக் கடலுக்குள் நுழைந்தபோது, கடலுக்கும் உரிமையாளர் உண்டு என்னும் புதுக் கொள்கையை உடன்கொண்டு வந்தனர். தம்மிடம் 'கர்த்தாசு' என்னும் சீட்டைப் பணம் கொடுத்துப் பெறாத கப்பல் எதுவாயினும் பிடிக்கத்தக்கது என்றனர். தலைமுறை தலைமுறையாய் யாரையும் கேளாது கலம் செலுத்தி வந்த நம் கரையோர வணிகர்களும், மரைக்காயர்களும், மலையாளத்து மாப்பிள்ளைமாரும் தம் சொந்தக் கடலிலே செல்வதற்குப் பிறர் கையெழுத்தைத் தேடி நிற்க நேர்ந்தது. பின்னர் ஒல்லாந்தர் வந்தனர்; ஆங்கிலேயர் வந்தனர்; பிரெஞ்சுக்காரர் வந்தனர். ஒவ்வொருவரும் ஒரு சீட்டு வழங்கினர். ஒருவர் சீட்டு மற்றவர்க்குப் பகைச்சீட்டாயிற்று. ஆதலின் அறிவுடைய வணிகன் கிடைத்த சீட்டுகளையெல்லாம் பெட்டியில் வைத்திருந்தான். வருபவன் உயர்த்தும் கொடியைப் பார்த்து, அதற்கேற்ற சீட்டையும் அதற்கேற்ற நாட்டானையும் முன்னிறுத்தினான். இதனைச் சூது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஊரார் வழிப்பறிக்கு அஞ்சி வழித்துணை தேடுவது போன்றதே இதுவும்.

1688 முதல் 1697 வரை ஐரோப்பாவில் பிரான்சுக்கும் இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கும் பெரும்போர் நடந்தது. அப்போரின் அலை இங்கும் மோதிற்று. 1693-இல் ஒல்லாந்தர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். அந்நகரை வளர்த்த பிரான்சுவா மார்த்தேன் அங்கிருந்து அகன்று, வங்காளத்துச் சந்திரநாகூரில் பிரெஞ்சுக் கம்பெனியின் காரியங்களை நடத்தி வந்தார். கடார வணிகன் 1697-இல் வங்காளம் சென்றபோது, அவர் பெயரால் பிரெஞ்சுச் சீட்டு ஒன்று பெறப்பட்டது. பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபினி முதலிய பண்டங்களை ஏற்றிக்கொண்டு கப்பல் சூரத்தை நோக்கித் திரும்பிற்று.

இனி மற்றவனைப் பார்ப்போம். அந்நாளில் கடலில் கொள்ளையிடுவோர் இருவகையினர். எவர் ஆணையுமின்றிக் கொள்ளையிடுவோன் கடற்கொள்ளையன், பிடிபட்டால் தூக்கு. அரசனின் எழுத்தாணையைப் பெற்றுக்கொண்டு, சொந்தச் செலவில் பீரங்கி பூட்டிய கப்பலில் சென்று பகைநாட்டு வணிகரைக் கொள்ளையிடுவோன் மற்றொருவன். அவனுக்குப் பாராட்டும் பங்கும் உண்டு. இருவர்க்கும் இடையே நின்ற சுவர் ஒரு தாள்தான். இக்காரணத்தாலேயே வணிகன் பெட்டியில் இருந்த சீட்டும் கொள்ளையன் பெட்டியில் இருந்த ஆணையும் ஒரே கதையின் இரு பக்கங்களாகின்றன.

1695-இல் என்றி எவரி என்னும் ஆங்கிலக் கொள்ளையன், மக்காவிலிருந்து திரும்பிய அவுரங்கசீபின் பெருங்கப்பலாகிய கஞ்சி சவாயியைப் பிடித்துப் பொருளைக் கவர்ந்ததோடு, பயணிகளுக்குச் சொல்லொணாக் கொடுமைகளும் இழைத்தான். சூரத்தில் மக்கள் கொதித்தெழுந்தனர். ஆங்கிலக் கம்பெனியார் சிறைப்பட்டனர். கொள்ளையரை ஒடுக்குவதாக இங்கிலாந்து காட்டிக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. அவ்வேளையில் நியூயார்க்கில் குடியமர்ந்திருந்த இசுக்காத்துலாந்து மாலுமி வில்லியம் கிட் இலண்டனுக்கு வந்தான். கடற்கொள்ளையரைப் பிடிக்க ஓர் ஆணையும், பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க மற்றோர் ஆணையும் அவனுக்குக் கிடைத்தன. பெல்லமண்டுப் பிரபுவும், அமைச்சர் நிலையிலிருந்த பெருமக்கள் சிலரும் மறைமுகமாக முதலீடு செய்தனர். மன்னருக்கும் பத்தில் ஒரு பங்கு. 34 பீரங்கிகளும் துடுப்புகளும் கொண்ட 'அட்வென்சர் காலி' என்னும் புதுக்கப்பல் 1696-இல் புறப்பட்டது. கொள்ளை கிடைத்தால் பங்கு, கிடைக்காவிடில் வெறுங்கை என்பதே அதன் மாலுமிகளுக்கு ஏற்பட்ட ஒப்பந்தம். பசித்த வயிற்றோடு ஏவப்பட்ட வேட்டைநாய் ஆட்டுக்கும் ஓநாய்க்கும் வேறுபாடு பார்க்குமா?

1697 ஆகத்தில் செங்கடல் வாயிலில் பயணிக் கப்பல்களை மறிக்கக் கிட் முயன்றான். உடன்வந்த ஆங்கிலக் கம்பெனிக் கப்பலே அவனை விரட்டிற்று. செப்டம்பரில் கார்வாருக்கு வந்து விறகும் நீரும் ஏற்றினான். அவன் ஆட்கள் சிலர் அங்கேயே ஓடிப்போயினர். எஞ்சியோர் முறுமுறுத்தனர். அக்டோபரில் வில்லியம் மூர் என்னும் பீரங்கி வீரனோடு நேர்ந்த வாய்ச்சண்டையில், இரும்புப் பட்டையிட்ட மரவாளியால் அவன் தலையில் அடித்தான்; மறுநாள் அவன் இறந்தான். பெருங்கொள்ளை எதுவும் இன்னும் கிட்டவில்லை.

1698 சனவரி 30. கொச்சிக்கு அப்பால், வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்த கடார வணிகனைக் கிட் கண்டான். தன் கொடிமரத்தில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். பிரெஞ்சுக் கொடியைக் கண்ட கப்பலார், வழக்கம்போல், பிரெஞ்சுப் பீரங்கி வீரனையே தலைவன் போல் படகில் அனுப்பினர். அவன் கையில் மார்த்தேனின் சீட்டு. சீட்டைக் கண்ணால் கண்டபின் கிட் கொடியை மாற்றினான். பிரெஞ்சுச் சீட்டு உடைய கப்பல் பகைவர் கப்பல். பகைவர் கப்பல் தனக்கு உரிய கப்பல். காக்க வந்த தாளே காட்டிக்கொடுத்தது. ஐரோப்பாவில் போரோ 1697 செப்டம்பரிலேயே ரிசுவிக் உடன்படிக்கையால் முடிந்திருந்தது. அச்செய்தி இக்கடலுக்கு வந்து சேரக் காலம் பிடித்தது.

கோஜா பாபா 20,000 ரூபாய் தந்து கப்பலை மீட்க முன்வந்தார்; கிட் ஏற்கவில்லை. கப்பலின் உண்மைத் தலைவன் ஆங்கிலேயன் என்று பின்னர்த் தெரியவந்தது. கப்பலைத் திருப்பித் தந்துவிடலாம் எனத் தான் கூறியதாகவும், மாலுமிகள் மறுத்துவிட்டதாகவும் கிட் தன் வாக்குமூலத்தில் சொன்னான். நம்புவதும் நம்பாததும் படிப்போர் விருப்பம். சரக்கில் ஒரு பகுதியை மலையாளக் கரையிலேயே விற்றுக் காசாக்கினான் என்பது மட்டும் உறுதி. கப்பலில் வந்த வணிகரும் தொழிலாளரும் கரைகளில் இறக்கிவிடப்பட்டனர்.

இங்கு ஒரு செய்தியைக் குறியாமல் மேற்செல்ல இயலவில்லை. அதே 1698-இன் தொடக்கத்தில்தான், நெடுநாள் முற்றுகைக்குப் பின் செஞ்சிக் கோட்டை மொகலாயர் வசமாயிற்று. 1689 முதல் அங்கிருந்து மராட்டிய அரசைக் காத்து வந்த இராசாராம் தப்பிச் சென்றான். மராட்டியர் தலைநகர் தமிழ்நாட்டில் இருந்த அக்காலத்தை, மராட்டிய மண்ணில் வாழும் தமிழராகிய நாம் சற்று நெருக்கமாகவே நினைக்கலாம். பேரரசின் படைகள் தெற்கிலும் தக்காணத்திலும் சிக்கிக்கிடக்க, அதன் கடலோ காவலற்றுக் கிடந்தது. அவ்விடைவெளியில் கொங்கணக் கரையில் எழுந்தவர் கானோசி ஆங்கரே. அவரும் தம் 'தசுத்தக்'கைப் பெறாத கப்பல்களைப் பிடித்தார். ஆங்கிலேயர் அவரைக் கொள்ளையர் என்றனர். மராட்டிய அரசோ 'சர்கேல்' என்று கடற்படைத் தலைவராய்ப் போற்றிற்று. அலிபாக்கின் எதிரே, வற்றுக்காலத்தில் நடந்தே சென்றடையக்கூடிய கொலாபாக் கோட்டையைக் கண்டு வந்த நம் அன்பர்கள் அவர் வலிமையை உணர்ந்திருப்பர். போர்ச்சுக்கீசியர் செய்தால் சட்டம், ஆங்கரே செய்தால் கொள்ளை என்னும் வழக்கு யார் எழுதியது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

கடார வணிகன் தென்மேற்கே திருப்பப்பட்டான். மடகாசுக்கரை அடுத்த செயின்ட் மேரித் தீவு கொள்ளையர் கூடாரம். அங்கே கிட்டின் மாலுமிகளுள் பெரும்பாலோர், எந்தக் கொள்ளையரைப் பிடிக்க வந்தார்களோ அவர்களோடே சேர்ந்துகொண்டனர். அட்வென்சர் காலி புழு அரித்து, இரவும் பகலும் நீரிறைத்தும் மிதக்கவியலாத நிலையை எய்திற்று. அதனைக் கைவிட்டு எரித்தான். சூரத்துத் தேக்கே அவனுக்குப் புகலாயிற்று. கப்பலுக்கு 'அட்வென்சர் பிரைசு' என்று புதுப்பெயர் இட்டான். 1698-இன் இறுதியில் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, அட்லாண்டிக்கைக் கடந்து, 1699 ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தான். சூரத்தில் எழுந்த முறையீடு அவனுக்கு முன்பே இலண்டனை எட்டியிருந்தது. தான் கடற்கொள்ளையனாக அறிவிக்கப்பட்டதை அங்கேதான் அறிந்தான்.

அப்பெருங்கப்பல் இப்போது சுமையாயிற்று. எவர் கண்ணிலும் படக்கூடியது. சிறு கலம் ஒன்றை விலைக்கு வாங்கி, பொன்னையும் பட்டில் ஒரு பகுதியையும் அதிலேற்றி, கடார வணிகனை இசுப்பானியோலாத் தீவின் தென்கரையில் சிலர் காவலில் விட்டு, வடக்கே போனான். காவலரோ எஞ்சிய சரக்கை விற்றுத் தீர்த்துக் கப்பலுக்குத் தீ வைத்தனர். சூரத்திலிருந்து வந்த தேக்கு, பெயர் தெரியாத கரையோரத்தில் நீர்மட்டம் வரை எரிந்து மூழ்கிற்று.

கிட்டை 1699 சூலையில் பாசுடனில் கைது செய்தவர், அவனுக்கு முதலீடு தந்த அதே பெல்லமண்டுப் பிரபு. அப்போது அவர் ஆளுநர். 1701 மே மாதம் இலண்டனில் வழக்கு நடந்தது. முதலில் மூரின் கொலை, பின்னர்க் கொள்ளை. குற்றப்பத்திரிகையில் கடார வணிகனின் சரக்கு வரிசையாய் வாசிக்கப்பட்டது: 70 பெட்டி அபினி, 250 மூட்டை சர்க்கரை, 20 பொதி கச்சாப் பட்டு, 100 பொதி காலிக்கோத் துணி, 200 பொதி மஸ்லின், 3 பொதி உருமால். கப்பலின் மதிப்பு 400 பவுன். கைக்குட்டைக்கும் தலைத்துணிக்கும் நாம் வழங்கும் அந்த 'உருமால்' இலண்டன் நீதிமன்றத்தில் ஒலித்ததை எண்ணிப் பார்க்கின்றோம். அரசுத் தரப்புக்குச் சாட்சி சொன்னவர்கள் கிட்டின் பழைய மாலுமிகள் இருவர்.

கிட் தன்னைக் காக்க ஒன்றையே கேட்டான்: பிரெஞ்சுச் சீட்டுகள். அவற்றைப் பெல்லமண்டிடம் ஒப்படைத்திருந்தான். அவர் இலண்டனுக்கு அனுப்பியுமிருந்தார். ஆயின் வழக்கு மன்றத்தில் அவை வரவில்லை. அத்தகைய சீட்டு உண்டா என்பதே ஐயம் போல் பேசப்பட்டது. 1701 மே 23-இல் தேம்சு ஆற்றங்கரையில் அவனைத் தூக்கிலிட்டனர், முதல் முறை கயிறு அறுந்தது, மீண்டும் ஏற்றினர். இருநூறு ஆண்டுகட்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரால்ஃபு பெயின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் தேடியபோது சீட்டு அங்கே இருந்தது. கொச்சிக் கடலில் கப்பலைக் காக்கத் தவறிய தாள், இலண்டனில் அதனைப் பிடித்தவனையும் காக்கவில்லை. அச்சீட்டு வந்திருந்தால் கிட் குற்றமற்றவனாகியிருப்பானா? மூரின் கொலை அவன் தலைமேல் இருந்தது. தூக்கு எப்படியும் நேர்ந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. சீட்டு வெளிவந்திருந்தால் வேறொரு கேள்வி எழுந்திருக்கும்: பிரபுக்களின் பணத்தில், மன்னரின் ஆணையில், பிறர் பொருளைக் கவரச் சென்றது முறைதானா? அக்கேள்வியை எழுப்ப அன்று விரும்பியோர் சிலர் இருந்தனர்; மறைக்க விரும்பியோர் பலர்.

கோஜா பாபா இலண்டன் வரை சென்றார். பாராளுமன்றத்தில் முறையிட்டார். கிட்டிடமிருந்து கைப்பற்றிய பொருள் ஏறத்தாழ 6,500 பவுனுக்கு விற்கப்பட்டு, அத்தொகை 1705-இல் கிரீனிச்சில் ஆங்கில மாலுமிகளுக்கென ஏற்பட்ட மருத்துவ இல்லத்துக்கு வழங்கப்பட்டது. அறச்செயல்தான். வங்காளத்தில் நெய்தவர்க்கும், ஆர்மீனியர்க்கும், கயிறிழுத்த இந்திய மாலுமிகளுக்கும் அவ்வறத்தில் பங்கில்லை. சூரத்திலோ கம்பெனிகள் கடற்காவலுக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்க நேர்ந்தது. காவல் என்ற பெயரால் பெற்ற அவ்வுரிமை நாளடைவில் என்னவாயிற்று என்பது வரலாறு படித்தோர் அறிந்ததே.

2007-ஆம் ஆண்டு டிசம்பரில் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த காத்தலினாத் தீவின் அருகே, கரையிலிருந்து எழுபது அடி தொலைவில், பத்தடி ஆழம்கூட இல்லாத தெளிந்த நீரில், ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்த பீரங்கிகள் கண்டறியப்பட்டதாக அறிவிப்பு வந்தது. இந்தியானாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஆராய்ந்தனர். 26 பீரங்கிகள், அவற்றின் அடியில் மரத்துண்டுகள். மரம் தேக்கு. பலகை விளிம்பில் பள்ளம் வெட்டிப் பொருத்திய அதே மேற்குக் கரைத் தச்சு. இவற்றினும் எம்மைக் கவர்ந்தவை கற்கள். கப்பல் சாயாதிருக்க அடியறையில் பரப்பும் பாரக்கற்கள் அங்கே கிடந்தன. அவற்றின் வேதியியல் கூறுகளை ஆய்ந்தபோது, அவை மேற்கிந்தியத் தீவுப் பாறைகள் அல்ல, ஆறரைக் கோடி ஆண்டுகட்கு முன் எரிமலைக் குழம்பு படிந்து இறுகிய தக்காணப் பாறையைச் சேர்ந்தவை என்பது தெரியவந்தது.

கோந்த்வாவில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டியவர்க்கு அப்பாறையை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மண்ணைச் சற்றே விலக்கினால் தட்டுப்படும் அந்தக் கரும்பாறையே நம் வாயிற்படிகளிலும், சுற்றுச்சுவர்களிலும், அருகிலுள்ள குன்றுகளின் படிக்கட்டான சரிவுகளிலும் இருப்பது. குசராத்துக் கரைப்பகுதிவரை பரந்து கிடப்பதும் அதுவே. அதன் துண்டுகளைத்தான் சூரத்துத் தொழிலாளர் கூடையில் சுமந்து கடார வணிகனின் அடியறையில் கொட்டினர். சரக்கு விலைபோயிற்று, பொன் பங்கிடப்பட்டது, மரம் எரிந்தது. கற்களை எவரும் தொடவில்லை. 2011 முதல் அவ்விடம் கடலடி அருங்காட்சியகமாகக் காக்கப்பட்டு வருகிறது. நீந்தத் தெரிந்தவர் எவரும் முகமூடி அணிந்து குனிந்து பார்த்தால், பீரங்கிகளின் இடுக்கில் அவற்றைக் காணலாம்.